நைரோபியில இருந்து லாகோஸ்: எவ்ளோ தூரம், ஃப்ளைட்ல எவ்ளோ நேரம், ஏன் ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு நம்பர் வருது

ரெண்டு ஊருக்கு நடுவுல எவ்ளோ தூரம்னு நெட்ல தேடினா ஒரு சைட் 3,830 கிலோமீட்டர்னு சொல்லும், இன்னொண்ணு 3,815ன்னு சொல்லும், மேப்ஸ்ல ரோடு ரூட் போட்டா 5,000த்தையும் தாண்டிப் போகும், ஃப்ளைட் டைம் கேட்டா ஒருத்தன் நாலரை மணி நேரம்பான், டிக்கெட் சைட்ல 5 மணி நேரத்துக்கு மேல இருக்கும், அதே சைட்ல கீழ இறங்கிப் பாத்தா 14 மணி நேரம்னும் ஒண்ணு கெடக்கும். இதுல எதுவும் பொய் இல்ல. ஒவ்வொண்ணும் வேற வேற விஷயத்தை அளக்குது, அவ்ளோதான். எது எதை அளக்குதுன்னு புரிஞ்சுட்டா எந்த ரெண்டு ஊரைக் கொடுத்தாலும் நீங்களே குத்துமதிப்பா சொல்லிடலாம்.

இதுக்கு ஆப்பிரிக்காவுல இருந்து ஒரு ஜோடி எடுத்துக்கறேன். கிழக்குல கென்யாவோட நைரோபி, மேற்குல நைஜீரியாவோட லாகோஸ். ஏன் இந்த ஜோடின்னா ரெண்டுமே பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கு, அதனால கணக்கு ரொம்ப சுலபம், ஸ்கூல்ல படிச்ச பித்தாகரஸ் போதும்.

மொதல்ல தூரம். விமானத் தூரம்னு சைட்ல போடுறது பூமி உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கிற ரொம்பக் குறைஞ்ச தூரம். உருண்டை மேல நேர்கோடு போட முடியாது, வளைஞ்சுதான் போகும், பூமியோட நடு மையம் வழியா வெட்டுற பெரிய வட்டத்தோட ஒரு துண்டுதான் அந்த வழி. பூமியைச் சுத்தி 360 டிகிரி, சுத்தளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர், வகுத்துப் பாத்தா ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர். இந்த 111ங்கிற நம்பரை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

இப்ப ரெண்டு ஏர்போர்ட்டோட இடத்தை எடுப்போம். நைரோபி ஜோமோ கென்யாட்டா ஏர்போர்ட் தெற்கு அட்சரேகை 1.3 டிகிரி, கிழக்கு தீர்க்கரேகை 36.9. லாகோஸ் முர்தலா முகம்மது ஏர்போர்ட் வடக்கு 6.6, கிழக்கு 3.3. கிழக்கு மேற்கா எவ்ளோ வித்தியாசம்? 36.9ல இருந்து 3.3 கழிச்சா 33.6 டிகிரி. தெற்கு வடக்கா? ஒண்ணு தெற்குல இருக்கு இன்னொண்ணு வடக்குல இருக்கு, அதனால கழிக்கக் கூடாது, கூட்டணும், 1.3ம் 6.6ம் சேந்து 7.9. இங்கதான் நெறைய பேர் சறுக்குவாங்க. ரெண்டையும் 111ஆல பெருக்குங்க, 3,730 கிலோமீட்டர், 877 கிலோமீட்டர். இதை ஒரு செங்கோண முக்கோணத்தோட ரெண்டு பக்கமா வெச்சு ரெண்டோட வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 3,832 வருது. பெரிய ஃபார்முலா போட்டு கம்ப்யூட்டர் கணக்குப் பண்றதும் 3,830 சொச்சம்தான், சோதிச்சுப் பாருங்க!

ஆனா ஒரு எச்சரிக்கை. இது பூமத்திய ரேகைக்குப் பக்கத்துலதான் இவ்ளோ அழகா ஒத்துப்போகும். வடக்கயோ தெற்கயோ தள்ளிப் போகப்போக தீர்க்கரேகைக் கோடுங்க நெருங்கிட்டே வரும், ஒரு டிகிரி கிழக்கு மேற்குத் தூரம் 111 இருக்காது. தென்னாப்பிரிக்காவுல ஜோகன்னஸ்பர்க், டர்பன் பக்கமெல்லாம் அது 98 கிலோமீட்டர்தான். டர்பன்னதும் நெறைய பேருக்கு காது விடைக்கும், சென்னையில இருந்து கிளம்பின ட்ரூரோங்கிற கப்பல் 1860 நவம்பர்ல கரும்புத் தோட்டத்து வேலைக்கு ஆள் கொண்டுபோய் இறக்கின ஊரு, இன்னிக்கும் அங்க தமிழ்ப் பேரோட குடும்பங்க ஏராளம். அந்த ஜோகன்னஸ்பர்க் டர்பன் ஆகாயத் தூரம் 480 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். கெய்ரோ கேப்டவுன் மாதிரி ரொம்ப நீளமான ஜோடிக்கு பித்தாகரஸ் கதைக்கு ஆகாது, கம்ப்யூட்டர் கணக்குல 7,250 கிலோமீட்டர் பக்கம் வரும். ஒரே கண்டத்துக்குள்ள 7,250! நம்ம சுவத்துல மாட்டுற உலக மேப்புல ஆப்பிரிக்கா சின்னதாத் தெரியறதால இது யாருக்கும் உறைக்கிறதில்ல. மெர்கேட்டர் மேப்புல கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே சைஸ்ல நிக்கும், நெஜத்துல ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரிசு.

சைட்டுக்கு சைட் 10, 20 கிலோமீட்டர் ஏன் மாறுதுன்னா, ஒருத்தர் ஊர் நடுவுல இருந்து அளப்பாரு, ஒருத்தர் ஏர்போர்ட்டுல இருந்து அளப்பாரு. இன்னும் ஒருத்தர் பூமி துல்லியமான உருண்டை இல்ல, துருவத்துல லேசா தட்டைன்னு சேத்துக் கணக்குப் போடுவாரு. இதை வெச்சு மண்டையை உடைச்சுக்க வேணாம்.

ரோடு தூரம் வேற கதை. லாகோஸ்ல இருந்து கென்யாவோட மொம்பாசா வரைக்கும் கண்டத்தைக் குறுக்க வெட்டி ஒரு நெடுஞ்சாலைன்னு திட்டத்துல இருக்கு, நீளம் 6,260 கிலோமீட்டர் சுமாருக்கு. திட்டத்துல இருக்குன்னு அழுத்திச் சொல்றேன், ஏன்னா நடுவுல காங்கோ காட்டுக்குள்ள வண்டி போற மாதிரி தொடர்ச்சியான ரோடே கிடையாது. அதனால மேப்ஸ் ஆப் ஒரு ரோடு ரூட் காட்டிச்சுன்னா அதை நம்பி வண்டியை எடுத்துடாதீங்க.

சரி, நேரத்துக்கு வருவோம். தூரத்தை வேகத்தால வகுத்தா நேரம், இது எல்லாருக்கும் தெரியும். மேல போனதும் போயிங் 737 மாதிரி விமானம் மணிக்கு 840 கிலோமீட்டர் பக்கம் போகும், 787 மாதிரி பெரிசு 900. 3,830ஐ 840ஆல வகுத்தா 4 மணி 34 நிமிஷம். அந்த நாலரை மணி நேரம்னு சொன்னவன் இதைத்தான் போட்டிருக்கான். ஆனா விமானம் கிளம்பின நொடியில இருந்து 840ல போகாது. கேட்ல இருந்து பின்னால தள்ளுவாங்க, ரன்வே வரைக்கும் உருட்டிட்டுப் போவாங்க, முன்னால ரெண்டு மூணு விமானம் நின்னா காத்திருக்கணும், டேக்ஆஃப் ஆனப்புறம் 11 கிலோமீட்டர் உயரம் ஏற 20 நிமிஷத்துக்கு மேல ஆகும், 10,000 அடிக்குக் கீழ இருக்கிறப்போ பொதுவா 250 நாட் (knot, விமான வேகத்தை அளக்கிற அலகு) வேகத்துக்கு மேல போகக் கூடாதுன்னு ரூல் இருக்கு, அது மணிக்கு 463 கிலோமீட்டர்தான். இறங்கும்போதும் இதே கதை தலைகீழா, 200 கிலோமீட்டருக்கு முன்னாடியே இறக்கத்தை ஆரம்பிச்சுடுவாங்க, இறங்கி மறுபடி உருட்டிட்டுப் போய் கேட்ல நிக்கணும். டிக்கெட்ல போடுற நேரம் இந்த கேட்ல இருந்து அந்த கேட் வரைக்கும், இதுக்கு ஏர்லைன்காரங்க பிளாக் டைம்னு சொல்லுவாங்க. லேட்னு பேர் வந்துடக் கூடாதுன்னு அதுல கொஞ்சம் கூடவே போட்டு வெக்கிறதும் உண்டு, சில சமயம் விமானம் 20 நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்னு பெருமையா அறிவிக்கிறாங்களே அது இதனாலதான்.

அதனால குறுக்குக் கணக்கு இப்படி: தூரத்தை 840ஆல வகுத்துட்டு மேல ஒரு அரை மணி நேரம் கூட்டிக்கோங்க. நைரோபி லாகோஸுக்கு 5 மணி 4 நிமிஷம் வருது. அட்டவணையில இருக்கிறதும் 5 மணி நேரத்தைச் சுத்தித்தான்.

இந்த அரை மணி நேரம் சின்ன தூரத்துலதான் நல்லாக் கடிக்கும். நைரோபி மொம்பாசா ஆகாயத் தூரம் 420 கிலோமீட்டர். வகுத்தா அரை மணி நேரம், மேல அரை மணி நேரம், ஆக டிக்கெட்ல ஒரு மணி நேரம். அப்ப சராசரி வேகம் மணிக்கு 420தான், பாதியாப் போச்சு பாருங்க. அதுலயும் ப்ரொபெல்லர் வெச்ச ஏடிஆர் 72 மாதிரி விமானம்னா மேல போயும் 500 பக்கம்தான் ஓடும், இன்னும் கொஞ்சம் கூடும். இதே ரெண்டு ஊருக்கும் நடுவுல 2017ல புது ரயில் விட்டாங்க, 5 மணி நேரம் பக்கம் ஆகுது. ஏர்போர்ட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி போகணும், நைரோபி டிராஃபிக்ல ஒரு மணி நேரம், செக்யூரிட்டி, பெல்ட்ல பெட்டி வர்ற நேரம்னு எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா ரயிலும் விமானமும் ஏறக்குறைய பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும். என்னைக் கேட்டா ரயில்தான், சாவோ காட்டு வழியா போறப்போ யாருக்காச்சும் ஜன்னல்ல யானை தெரிஞ்சா அது போனஸ்.

காத்து விஷயம் ஒண்ணு இருக்கு. மேற்குல இருந்து கிழக்க போனா சீக்கிரம் போயிடும், திரும்பி வர லேட் ஆகும்னு பொதுவா ஒரு பேச்சு உண்டு, ஐரோப்பா அமெரிக்கா ரூட்டுக்கு அது சரி, அங்க ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு பலமான மேல்காத்து மேற்குல இருந்து கிழக்க அடிக்கும். பூமத்திய ரேகைப் பக்கம் அது கிடையாது. அங்க ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேல்காத்து தலைகீழா கிழக்குல இருந்து மேற்க அடிக்கும், இது நம்ம தென்மேற்குப் பருவமழையோட ஒட்டிப் பிறந்த காத்துதான், தென்னிந்தியாவுக்கு மேல பலமா இருந்து அப்படியே அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் நீளும். இதைப் பத்தி 1950கள்ல ஆராய்ஞ்சு எழுதினவரு கோட்டீஸ்வரம்ங்கிற இந்திய வானிலை அறிஞர். அதனால அந்த மாசங்கள்ல லாகோஸ் பக்கம் போறவனுக்குத்தான் முதுகுல தள்ளுற காத்து. ஆனா பெரிய வித்தியாசம் எதிர்பாக்காதீங்க, ஆப்பிரிக்காவுக்கு வர்றப்போ அந்தக் காத்தோட பலம் குறைஞ்சுடும், இதைவிட பெரிய விஷயம் கீழ இருக்கு.

அது என்னன்னா, விமானம் நேர் வழியில போகவே போகாது. நைரோபியில ஏறினா விக்டோரியா ஏரி, உகாண்டா, அப்புறம் ரொம்ப நேரத்துக்கு காங்கோ காடு, கேமரூன், நைஜீரியான்னு வழி. காங்கோ காடு உலகத்துலயே இடி மின்னல் அதிகமா இருக்கிற இடங்கள்ல ஒண்ணு, மேகம் 15 கிலோமீட்டருக்கு மேலயும் எழும்பி நிக்கும், விமானம் பறக்கிறதோ 11, 12ல, மேல தாண்ட முடியாது, சுத்தித்தான் போகணும். ரேடார்ல பாத்து இடது பக்கம் 40 கிலோமீட்டர் வலது பக்கம் 60 கிலோமீட்டர்னு ஒதுங்கி ஒதுங்கிப் போவாங்க. இதுல போற நிமிஷம் கொஞ்சம்தான். ஆனா ஒரு நாடு தன் வானத்தை மூடிடுச்சுன்னா? 2023 ஏப்ரல்ல சூடான்ல சண்டை ஆரம்பிச்சதும் அந்த நாட்டு வானத்துல பயணிகள் விமானம் போறது நின்னுபோச்சு, கெய்ரோவுல இருந்து நைரோபிக்கு கோடு போட்டா நேரா சூடான் நடுவாலதான் போகும், அதனால செங்கடல் பக்கம் ஒதுங்கிப் போக வேண்டியதாச்சு. அதே வருஷம் ஜூலையில நைஜர்ல ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து, ஆகஸ்ட்ல அவங்களும் ஒரு மாசம் பக்கம் மூடிட்டாங்க, ஐரோப்பாவுல இருந்து தெற்க வர்ற விமானமெல்லாம் சுத்து வழி.

இதெல்லாம் புதுசும் இல்ல. நிறவெறி ஆட்சி நடந்தப்போ 1963ல இருந்து பல ஆப்பிரிக்க நாடுங்க தென்னாப்பிரிக்க விமானத்தை தங்க வானத்துல விடலை. லண்டன் போற அந்த விமானங்க கண்டத்தோட மேற்குப் புடைப்பைச் சுத்தி அட்லாண்டிக் கடல் மேலயே போய், கேப் வெர்டேயில சால் தீவுல இறங்கி எண்ணெய் நிரப்பிட்டுப் போச்சு. தூரம் மாறலை, அரசியல் மாறினதுல மணிக்கணக்கு கூடிப்போச்சு.

கடிகாரக் குழப்பம் அடுத்தது. நைரோபி லாகோஸைவிட 2 மணி நேரம் முன்னால இருக்கு. காலைல 7 மணிக்கு நைரோபியில கிளம்பி 5 மணி நேரம் பறந்தா நைரோபி கணக்குக்கு 12, லாகோஸ் கடிகாரத்துல 10. டிக்கெட்ல 7:00, 10:00ன்னு பாத்துட்டு ஆஹா 3 மணி நேரம்தானான்னு சந்தோஷப்படுவாங்க. திரும்பி வர்றப்போ 11:00க்கு ஏறினா 18:00க்கு இறங்கும், 7 மணி நேரம்னு திட்டுவாங்க. ஒரு சின்ன வித்தை: போறப்போ டிக்கெட்ல தெரியற 3ம் வர்றப்போ தெரியற 7ம் கூட்டிப் பாதியாக்குங்க, 5, அதுதான் உண்மையான பறக்கிற நேரம். பெருசுல இருந்து சின்னதைக் கழிச்சுப் பாதியாக்குங்க, 2, அது ரெண்டு ஊருக்கும் உள்ள நேர வித்தியாசம். தெற்கு வடக்காப் போற ரூட்டுல இந்த வம்பு பெரும்பாலும் இருக்காது. ஆனா காங்கோ மாதிரி பெரிய நாடுன்னா உள்நாட்டு ஃப்ளைட்டுலயே இருக்கும், கின்ஷாசாவுக்கும் லுபும்பாஷிக்கும் நடுவுல 1,550 கிலோமீட்டர், ஒரே நாடு, ஒரு மணி நேரம் வித்தியாசம்.

எத்தியோப்பியா போறவங்களுக்கு தனியா ஒண்ணு. அங்க சனங்க பேச்சு வழக்குல சூரியன் உதிச்சதுல இருந்து மணியை எண்ணுவாங்க, காலைல நம்ம 7 மணி அவங்களுக்கு 1 மணி. டிக்கெட்லயும் ஏர்போர்ட் போர்டுலயும் உலக வழக்குதான் இருக்கும், பயப்பட வேணாம், ஆனா டாக்ஸிக்காரர்கிட்ட நாளைக்கு காலைல 4 மணிக்கு வாங்கன்னு சொன்னா எந்த 4ன்னு ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கணும், இல்லன்னா மனுஷன் பத்து மணிக்கு வந்து நிப்பாரு, தப்பு அவர் மேல இருக்காது.

இப்ப அந்த 14 மணி நேர டிக்கெட். ஆப்பிரிக்காவுல பயண நேரத்தை உண்மையில தீர்மானிக்கிறது தூரமில்ல, நேர் ஃப்ளைட் இருக்கா இல்லையாங்கிறதுதான். இல்லன்னா ஏதாவது ஒரு மையத்துல மாறணும். கிழக்குல அடிஸ் அபாபா, நைரோபி, கிகாலி, மேற்குல லோமே, வடக்குல காசாபிளாங்கா, கெய்ரோ, தெற்குல ஜோகன்னஸ்பர்க், இதெல்லாம் மாறுற இடங்க. நம்ம ஜோடியையே எடுத்துக்கோங்க. லாகோஸ்ல இருந்து அடிஸ் அபாபா 3,916, அங்க இருந்து நைரோபி 1,164, கூட்டினா 5,080. நேர் வழியைவிட 1,250 கிலோமீட்டர் கூட, பறக்கிற நேரம் ரெண்டு மணி நேரம் கூடும், அதுக்கு மேல அடிஸ்ல உக்காந்திருக்கிற நேரம். அது பரவால்ல. சில சைட்ல மலிவுன்னு துபாய் வழியா காட்டும். லாகோஸ் துபாய் 5,900, துபாய் நைரோபி 3,560, மொத்தம் 9,460 கிலோமீட்டர் சுமாருக்கு, நேர் தூரத்தைப் போல ரெண்டரை மடங்கு. ஆப்பிரிக்காவுல ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போக ஆசியாவுக்கு வந்துட்டுத் திரும்பணும்! பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் வழியா போற பழக்கமும் ரொம்ப நாளா இருக்கு, காலனி காலத்துல போட்ட ரூட்டுங்க எல்லாம் அந்தந்த ஐரோப்பிய தலைநகரத்தை நோக்கித்தான் போச்சு, பக்கத்து நாட்டை நோக்கி இல்ல.

இதைச் சரிபண்ண 1999ல ஐவரி கோஸ்ட் நாட்டோட யாமுசுக்ரோவுல ஆப்பிரிக்க நாடுங்க கூடி, ஒருத்தர் வானத்தை இன்னொருத்தர் ஏர்லைனுக்குத் திறந்துவிடறதுன்னு முடிவெடுத்தாங்க. கையெழுத்துப் போட்டாங்களே தவிர நாடுங்க தங்க சொந்த ஏர்லைனைக் காப்பாத்தணும்னு கதவை இறுக்கிப் பிடிச்சுட்டே இருந்தாங்க. 2018 ஜனவரியில ஆப்பிரிக்க ஒன்றியம் ஒரே வான்சந்தைன்னு மறுபடி ஆரம்பிச்சுது, 23 நாடு சேந்துச்சு. ரூட்டு கூடிட்டுதான் வருது, ஆனா மெதுவா. அதனால டிக்கெட் பாக்கறப்போ மொதல்ல தூரத்தைப் பாக்காதீங்க, ஸ்டாப் எத்தனை, எந்த ஊர்ல, எத்தனை மணி நேரம் நிக்கணும், அந்த ஊர்ல ராத்திரி தங்கினா விசா வேணுமா, மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை கையில இருக்கா, இதைப் பாருங்க.

தூரம் ஒண்ணுமே சொல்லாதுங்கிறதுக்கு கடைசியா ஒரு ஜோடி, கின்ஷாசாவும் பிரசாவீலும். ரெண்டும் ரெண்டு நாட்டுத் தலைநகரம், நடுவுல காங்கோ ஆறு, இந்தக் கரையில நின்னா அந்தக் கரைக் கட்டடம் தெரியும். ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் அளந்தா 25 கிலோமீட்டர் பக்கம்தான், நம்ம கணக்குல போட்டா ரெண்டு நிமிஷம் பறந்து அரை மணி நேரம் உருட்டணும். ஆத்து மேல பாலம் இல்ல, பேச்சு மட்டும் பல வருஷமா நடக்குது. படகுல போனா தண்ணியில இருக்கிற நேரம் கொஞ்சம்தான், ஆனா ரெண்டு கரையிலயும் பாஸ்போர்ட், விசா, முத்திரை, வரிசை எல்லாம் உண்டு.